ஓவியரின் வாழ்க்கையும் வாரிசுகளின் உரிமையும்: டர்பனில் ஒரு நூல் வெளியான விதம்

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கம், 2021இல் ஓர் ஓவியரின் வாழ்க்கை வரலாற்றை நூலாகக் கொண்டுவர முடிவு செய்தது. ஓவியர் 1996இல் காலமானவர். நேட்டால் வடகரையில் ஒரு கரும்புத் தோட்டத்து பாரக்ஸில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவர். கூத்துக்கும் மேடை நாடகங்களுக்கும் திரைச்சீலை எழுதிக் கைபழகி, பிறகு கோயில்களுக்குச் சுதைச் சிற்பம் செய்து பிழைத்தார். இன அடிப்படையில் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ் கேட்டோ மேனரிலிருந்து அகற்றப்பட்டுச் சாட்ஸ்வர்த்துக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அங்கே வந்தபின்தான் எண்ணெய் வண்ணத்தில் ஓவியம் தீட்டத் தொடங்கினார். இடிக்கப்பட்ட வீடுகள், காவடி, தீமிதி, மீன் மார்க்கெட் என்று தான் கண்டதையெல்லாம் வரைந்தார். காட்சிக்கூடங்களில் அவர் பெயர் அதிகம் அடிபடவில்லை. ஓவியங்கள் பெரும்பாலும் வாங்கியவர்களின் வீட்டுச் சுவர்களில்தான் இருக்கின்றன.

எழுத முன்வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இளவயதில் ஓவியரிடம் நாடகத் திரை எழுதப் பழகியவர். சங்கம் அவருக்குப் பயணச் செலவு கொடுத்தது. பதிப்புக் குழுவில் அனுமதிகளைக் கவனிக்கும் வேலை என்னிடம் இருந்தது.

குடும்பத்தின் சம்மதம் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஓவியரின் மூத்த மகன் ஆசிரியரின் கையைப் பிடித்து, "அப்பாவப் பத்தி எழுதுறீங்கன்னா எங்களுக்குப் பெருமைதான் சார். எது வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்று சொல்லியிருந்தார். அதை மனதார நம்பித்தான் நாற்பது வண்ணப் படங்களோடு நூல் திட்டமிடப்பட்டது.

கையிலிருந்த பொருள்கள், அவற்றின் சொந்தக்காரர்கள்

கையெழுத்துப் பிரதி பாதி வளர்ந்த நிலையில், நூலில் சேர்க்க வைத்திருந்த ஒவ்வொரு படத்துக்கும் கடிதத்துக்கும் நேரே "இது யாருடையது?" என்று எழுதிப் பார்த்தோம். பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்பது ஒரு பத்தி; அதை அச்சிட அனுமதிக்கும் உரிமை யாருக்கு என்பது அடுத்த பத்தி. இரண்டு பத்திகளிலும் ஒரே பெயர் வந்த வரிகள் மிகக் குறைவு.

தென்னாப்பிரிக்காவில் நடப்பில் இருப்பது 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம். இதன்படி ஓவியம், சிற்பம் போன்ற கலைப்படைப்புகளுக்குப் படைத்தவரின் ஆயுளும், அவர் இறந்த ஆண்டு முடிந்து மேலும் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. நம் ஓவியரின் படைப்புகளுக்கு அது குறைந்தது 2046 டிசம்பர் 31 வரை. உரிமை யாரிடம் இருக்கிறது என்று போய்ப் பார்க்கப் பதிவேடு எதுவும் கிடையாது. திரைப்படங்களுக்கு மட்டும்தான் இந்த நாட்டில் பதிவு உண்டு. மற்றவற்றுக்கு நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் சிக்கல் வீட்டுச் சுவர் ஓவியங்கள். விலை கொடுத்து வாங்கியவருக்குச் சொந்தமானது கேன்வாஸ்தான். மாட்டலாம், விற்கலாம், பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து உபசரிக்கலாம். நூலில் மறுஅச்சிட அனுமதி தரும் உரிமை ஓவியரின் வாரிசுகளிடமே இருக்கும். ஓவியம் வைத்திருந்த பலருக்கு இது புதுச் செய்தி. ஒருவருக்கு நல்ல கோபமும் வந்தது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதுவும் நம் பட்டியலில் வந்தது. கிரே தெரு வணிகர் ஒருவர் 1981இல் தம் தாயாரின் உருவப்படத்தைப் பணம் கொடுத்து வரையச் சொல்லியிருந்தார். ஒளிப்படமும் உருவப்பட ஓவியமும் கூலி பேசிச் செய்விக்கப்பட்டால், வேறு ஏற்பாடு இல்லாதவரை, பதிப்புரிமை செய்வித்தவருக்கே என்கிறது 21ஆம் பிரிவு. ஆக அந்த ஒரு படத்துக்கு அனுமதி தர வேண்டியது வணிகரின் குடும்பம். ஓவியரின் பிள்ளைகளுக்கு அதில் சொல் இல்லை. அதே வணிகர் கடைக்கென்று வரையச் சொன்ன துறைமுகக் காட்சி உருவப்படம் அல்ல என்பதால் அதன் உரிமை ஓவியரோடே தங்கிவிட்டது. ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு படங்களுக்கு இரண்டு குடும்பங்களிடம் போக வேண்டியிருந்தது.

கோயில் சிற்பங்களில் எல்லோரும் தடுமாறினார்கள். கோயில் நிர்வாகிகள் "நாங்கள் கூலி கொடுத்துச் செய்வித்தது, எங்களுடையது" என்றார்கள். செய்வித்தவருக்கே உரிமை என்ற அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. "தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற கோபுரம், யார் வேண்டுமானாலும் படம் பிடிக்கலாமே" என்பது ஆசிரியரின் வாதம். வேறு சில நாடுகளில் அது செல்லும். இங்கே 15ஆம் பிரிவு தரும் சலுகை, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் படைப்பைத் திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ சேர்ப்பதற்கு மட்டும். அச்சு நூலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கோபுரத்தைத் தொலைக்காட்சியில் காட்டினால் குற்றமில்லை, நூலில் அச்சிட்டால் அனுமதி வேண்டும் என்பதைக் கோயில் கூட்டத்தில் விளக்கிச் சொல்வது எளிதாக இல்லை. சொன்னவனுக்கே அது நியாயமாகப் படவில்லை.

பழைய ஒளிப்படங்கள் இதற்கு நேர்மாறாகச் சுலபமாக இருந்தன. 1958இல் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படத்தின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 1971இல் எடுத்து அதே ஆண்டு செய்தித்தாளில் வெளியான படம், ஓவியர் தம் ஓவியத்தின் பக்கத்தில் நிற்பது, 2021 முடிவோடு விடுபட்டது. ஆனால் விடுபட்டது ஒளிப்படம்தான். அதற்குள் தெரியும் ஓவியத்துக்கு 2046 வரை உயிர் இருக்கிறது. ஓவியம் முழுதாகத் தெரியும்படி அச்சிட்டால் வாரிசுகளின் அனுமதி தேவைப்படலாம் என்று சங்கத்தின் வழக்கறிஞர் எச்சரித்தார்.

புதிதாக ஓவியங்களைப் படம் பிடித்துக் கொடுத்தவர் சங்கத்து இளைஞர். கூலி வாங்காமல் செய்ததால் அந்தப் படங்களின் உரிமை அவருடையதே. ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினோம். அவர் சிரித்துக்கொண்டே போட்டார்.

கையெழுத்துப் பிரதியிலேயே ஒரு கேள்வி இருந்தது. செலவு கொடுத்ததால் நூல் சங்கத்துடையது என்று குழுவில் பலர் நினைத்தார்கள். செய்வித்தவருக்கே உரிமை என்ற விதி எழுத்துப் படைப்புக்குப் பொருந்தாது. ஆசிரியர் சங்கத்தின் ஊழியரும் அல்ல. ஆகவே உரிமை அவருடையது. உரிமையை மாற்றித் தருவதும் தனியுரிமம் (ஒருவருக்கு மட்டுமே தரும் அனுமதி) தருவதும் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். முதல் பதிப்புக்கு மட்டும் சங்கத்துக்கு உரிமம் என்று எழுதிக்கொண்டோம்.

வாரிசுகள் யார்?

அனுமதி வாரிசுகளிடம் என்றால், வாரிசுகள் யார் என்பது அடுத்த கேள்வி. ஓவியர் உயில் எழுதவில்லை. டர்பனில் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைக் கேட்டுப் பார்க்க முடியும். கோப்பில் வீடு, வங்கிக் கணக்கு, ஒரு பழைய வண்டி ஆகியவை இருந்தன. பதிப்புரிமை என்ற சொல்லே இல்லை. யாரும் பிரித்துக் கொடுக்காத சொத்தாக அது இருபத்தைந்து ஆண்டுகள் கிடந்திருக்கிறது. வாரிசுகளாகக் காட்டப்பட்டவர்கள் மூவர்: இரண்டு மகன்கள், ஒரு மகள். மூவரும் முதல் மனைவியின் பிள்ளைகள்.

ஆசிரியர் சேகரித்த வாய்மொழித் தகவல்களில் வேறொரு விஷயம் இருந்தது. முதல் மனைவி இறந்தபின் ஓவியர் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இன்னொருவரைக் கோயிலில் தாலி கட்டி மணந்திருந்தார். அந்தத் திருமணம் அரசில் பதிவாகவில்லை. ஒரு மகள் பிறந்தார். அந்த அம்மாளும் பின்னர் காலமாகிவிட்டார், மகள் இருக்கிறார்.

நம் மக்களின் பல குடும்பங்களில் இப்படிப்பட்ட பதிவாகாத இந்துத் திருமணங்கள் இருந்திருக்கின்றன. ஒருதார இந்துச் சடங்குத் திருமணத்தில் உயிரோடு எஞ்சியவரும், உயில் இல்லாச் சொத்துரிமைச் சட்டத்தின் நோக்கில் வாழ்க்கைத் துணைதான் என்று டர்பன் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு 1996இல் முடிந்த ஒரு கோப்பைத் திறக்குமா என்ற வாதத்துக்குள் போக வழக்கறிஞர் விரும்பவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, பெற்றோரின் திருமணம் செல்லுமா செல்லாதா என்பது பிள்ளையின் வாரிசுரிமையைக் குறைக்காது. ஃபீனிக்ஸ் மகளும் ஒரு வாரிசு. பிரிக்கப்படாத பதிப்புரிமையில் அவருக்கும் பங்கு உண்டு.

நால்வரின் கையொப்பமும் வாங்குவதே பாதுகாப்பு என்பது வழக்கறிஞரின் ஆலோசனை. நால்வரில் மூவர் நான்காமவரோடு பேசுவதில்லை என்பது குழுவுக்குத் தெரிந்திருந்தது.

சம்மதம் திரும்பப் பெறப்பட்டது

2022இன் நடுவில், மரியாதைக்காக, வரைவின் ஆறாம் அத்தியாயத்தை ஆசிரியர் மூத்த மகனிடம் கொடுத்தார். ஃபீனிக்ஸ் வாழ்க்கையைச் சொல்லும் அத்தியாயம் அது. பதில் வழக்கறிஞர் கடிதமாக வந்தது. சாரம்: அத்தியாயத்தை நீக்க வேண்டும், நீக்காவிட்டால் தந்தையின் எந்த ஓவியத்தையும் அச்சிடக் கூடாது, "அங்கீகரிக்கப்பட்ட வரலாறு" என்று போடக் கூடாது.

கல்யாண வீட்டுச் சம்மதம் என்னவாயிற்று என்று குழுவில் சிலர் கொதித்தார்கள். சட்டம் மகன் பக்கம். தனியுரிமம் அல்லாத அனுமதியை வாய்மொழியாகத் தரலாம், நடத்தையிலிருந்துகூட ஊகிக்கலாம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஒப்பந்தமாகச் செய்துகொண்ட அனுமதியை மட்டும் அப்படித் தன்னிச்சையாகத் திரும்பப் பெற முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு தாளும் பேனாவும் அன்றைக்கு இருந்திருந்தால் கதை வேறு.

கடிதத்தைப் பலமுறை படித்தபின் குழுவுக்கு ஒன்று தெளிவாயிற்று. அதில் இரண்டு கோரிக்கைகள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருந்தன. ஓவியங்களை அச்சிட அனுமதி மறுப்பது வாரிசின் உரிமை. தந்தையின் வாழ்க்கையில் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று தீர்மானிப்பது அந்த உரிமைக்குள் வராது. நடந்த உண்மைகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒருவரின் வாழ்க்கையை எழுத அவருடைய குடும்பம் அனுமதிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இறந்தவரைப் பற்றி எழுதியது அவதூறு என்று அவருடைய பிள்ளைகள் வழக்குப் போடவும் இங்கே வழியில்லை. ஆக மகன் தன் கையில் இருந்ததைக் கொடுத்துத் தன் கையில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன. அத்தியாயத்தை எடுத்துவிட்டு நாற்பது படங்களோடு அழகான நூல் போடுவது முதல் வழி. தலைவர் உட்படப் பலர் இதன் பக்கம் சாய்ந்தார்கள். அத்தியாயத்தை வைத்துக்கொண்டு, விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடு என்று சொல்லி எல்லாப் படங்களையும் போட்டுவிடுவது இரண்டாவது. அத்தியாயத்தை வைத்துக்கொண்டு, அனுமதி தேவையில்லாதவற்றை மட்டும் போட்டு, மீதிக்குப் பேச்சுவார்த்தையைத் தொடர்வது மூன்றாவது.

முதல் வழியை விட்டதற்குக் காரணம் சட்டம் அல்ல. ஓவியரின் கடைசிப் பதினான்கு ஆண்டு ஓவியங்கள் ஃபீனிக்ஸ் வீட்டின் பின்கட்டில் வரையப்பட்டவை. அந்த வீடு இல்லாமல் அந்த ஓவியங்களை விளக்க முடியாது. அதைவிட, உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை அவருடைய தகப்பனின் வரலாற்றிலிருந்து சங்கத்தின் பெயரால் அழிப்பதாக அது முடியும். ஆசிரியர் இதில் அசையவில்லை. அசைந்திருந்தால் நூலிலிருந்து நான் விலகியிருப்பேன்.

இரண்டாவது வழி ஆபத்தானது. தென்னாப்பிரிக்காவில் இருப்பது அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற விரிந்த விதி அல்ல. ஆராய்ச்சி அல்லது சொந்தப் பயன், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி என்று வகைகள் எண்ணி வைக்கப்பட்டவை. ஓவியத்தை அருகில் வைத்து அதன் நிறத்தையும் கோட்டையும் உண்மையில் விவாதிக்கும் பக்கத்தில், ஓவியர் பெயரும் மூலமும் குறிப்பிட்டு, விமர்சனம் என்ற வகைக்குள் அதை நியாயப்படுத்தலாம். அலங்காரத்துக்காக வைக்கும் முழுப்பக்க வண்ணப் படத்துக்கு அந்தக் குடை விரியாது. நாற்பதில் மூன்று ஓவியங்கள் மட்டுமே நூலில் அப்படி விவாதிக்கப்பட்டிருந்தன. நம் நூல் வெளியானபின், 2024இல், விரிந்த விதியைக் கொண்டுவரும் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜனாதிபதி கையெழுத்திடாமல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பினார். மசோதாவை நம்பி நூல் போடுவது வராத அறுவடையை நம்பிக் கடன் வாங்குவது போல.

மூன்றாவது வழியை எடுத்தோம்.

கடிதங்கள்

ஃபீனிக்ஸ் மகளிடம் அப்பா எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. தமிழும் ஆங்கிலமும் கலந்த நடை, ஓரங்களில் பென்சில் படங்கள். ஆசிரியருக்கு அவற்றை அப்படியே அச்சிட ஆசை. எந்த வாழ்க்கை வரலாற்றாசிரியருக்குத்தான் இருக்காது?

தாள் பெற்றவருக்குச் சொந்தம். எழுத்து எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். போதாததற்கு, எழுதியவர் உயிரோடு இருந்தபோது வெளியாகாத எழுத்துக்கு அந்த 50 ஆண்டுக் கணக்கு இறப்பிலிருந்து தொடங்காது. முதன்முதலாக வெளியாகும் ஆண்டின் முடிவிலிருந்துதான் தொடங்கும். வெளியிடாத கடிதத்துக்குக் காலக்கெடுவே ஓடாது. மேற்கோள் காட்டச் சட்டம் தரும் சலுகையும் பொதுமக்களுக்கு முறைப்படி கிடைத்த படைப்புக்குத்தான். டப்பாவில் இருக்கும் கடிதம் அந்த வரையறைக்குள் வராது.

கடிதங்களிலிருந்து தெரியவரும் செய்திகளை ஆசிரியர் தம் சொந்த வாக்கியங்களில் எழுதுவது என்று தீர்மானித்தோம். எந்த ஆண்டு எந்த ஓவியம், வண்ணம் வாங்கப் பணம் எப்படிப் புரட்டினார், கண்புரை வந்தபின் நிறத்தை எப்படித் தேர்ந்தார் என்பனவெல்லாம் உண்மைகள், யாரும் எழுதலாம். வாக்கியத்தின் தோலை மட்டும் உரித்துச் சொல்லை மாற்றுவதும் நகலாகிவிடும் என்பதால், ஆசிரியர் கடிதங்களைப் படித்துக் குறிப்பெடுத்து, டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறிப்புகளை மட்டும் வைத்து எழுதினார். அத்தியாயம் அதனால் மெருகேறியது என்பது என் எண்ணம்; ஆசிரியர் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

உயிரோடு இருப்பவர்கள்

இறந்தவருக்கு இல்லாத கவசம் இருப்பவர்களுக்கு உண்டு. இதற்கு இந்த நாட்டில் ஒரு பெரிய உதாரணமே இருக்கிறது. ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாற்று நூலில் எச்.ஐ.வி. தொற்றுள்ள மூன்று பெண்களின் பெயர்கள் அவர்களுடைய சம்மதமில்லாமல் அச்சாகிவிட்டன. நூலாசிரியர் அதற்கு முன்பே பெயர்கள் இடம்பெற்ற ஓர் அறிக்கையை நம்பி எழுதினார். 2007இல் அரசியல் சாசன நீதிமன்றம் தனியுரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. ஆளுக்கு 35,000 ரேண்ட் நஷ்டஈடு, விற்காத பிரதிகளிலிருந்து பெயர் நீக்கம் என்று முடிந்தது. வேறொரு தாளில் பெயர் இருக்கிறது என்பது நாம் அச்சிடப் போதுமான காரணம் ஆகாது. வரலாற்று நாயகரைப் பற்றியே கவலைப்பட்டுக் கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்கும் சாதாரண மனிதர் கண்ணில் படாமல் போவார்.

ஃபீனிக்ஸ் மகளிடம் ஆறாம் அத்தியாயத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினோம். அம்மாவின் திருமணம் நூலில் இருக்கட்டும், கோயிலின் பெயரும் இருக்கட்டும் என்றார். தம் பெயரும் வேலை செய்யும் இடமும் வேண்டாம் என்றார். "எம் பிள்ளைங்களுக்கு நான் எப்பவோ சொல்லிட்டேன் சார். ஸ்கூல்ல மத்த பிள்ளைங்க கேக்கக் கூடாது பாருங்க" என்றார். தம் உடல்நலம் பற்றிய ஒரு வாக்கியத்தையும் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இலக்கியம், கலை, பத்திரிகை வெளிப்பாட்டுக்கு ஓரளவு விலக்குத் தருகிறது. அதைக் காட்டி வாதாடியிருக்கலாம். அந்த வாக்கியம் ஓவியரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதால் வாதாட வேண்டியிருக்கவில்லை.

அவதூறுக்குரிய இடம் ஒன்றுதான். ஓவியரின் பழைய உதவியாளர் ஒருவர், குருவின் பெயரில் தாமே வரைந்து விற்றார் என்று இரண்டு பேர் ஆசிரியரிடம் சொல்லியிருந்தார்கள். உதவியாளர் உயிரோடு இருக்கிறார். இங்கே உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அதை வெளியிடுவதில் பொதுநலனும் இருக்க வேண்டும். நம்மிடம் இருந்தது இரண்டு வாய்ச்சொல். அதில் ஒருவருக்கு உதவியாளரோடு பழைய பணத் தகராறு. பகுதி நீக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய இரண்டு ஓவியங்களும் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விடப்பட்டன.

உடன்பாடு

வழக்கறிஞர் கடிதங்கள் சாதிக்காததை மூவரில் இளையவரான மகள் சாதித்தார். தந்தையின் படங்கள் இல்லாமல் நூல் வரப்போகிறது என்பது உறுதியானதும் அவரே ஆசிரியரைத் தேடி வந்தார். அத்தியாயத்தைப் படித்துவிட்டு, தகவல் பிழை ஒன்றைச் சுட்டிக் காட்டினார்: தாயாரின் மறைவுக்கும் இரண்டாம் திருமணத்துக்கும் இடையிலான காலத்தை வரைவு குறைத்துச் சொல்லியிருந்தது. அண்ணனின் கோபத்தில் பாதி அதனால்தான் என்று தெரிந்தது. அப்பா அவசரப்பட்டார் என்று ஊர் பேசுமே என்ற வருத்தம். இறப்புச் சான்றிதழைப் பார்த்துத் திருத்தினோம்.

அதன்பின் ஒப்பந்தம் எழுதப்பட்டது. நால்வரும் தனித்தனிப் பிரதிகளில் கையெழுத்திட்டார்கள்; ஒரே மேசையில் உட்கார வேண்டிய கட்டாயத்தை நாங்கள் வைக்கவில்லை. பதினான்கு ஓவியங்களையும் இரண்டு கோயில் சிற்பங்களையும் முதல் பதிப்பில் அச்சிடத் தனியுரிமம் அல்லாத அனுமதி. படங்களை வெட்டிச் சிறிதாக்குவதில்லை. ஒவ்வொன்றின் கீழும் ஓவியரின் பெயர். எழுத்தின்மீது குடும்பத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஒரு விதி. தகவல் பிழைகளைக் குறிப்பிட்ட நாளுக்குள் சுட்டிக்காட்டலாம், ஆசிரியர் சான்றைப் பார்த்துத் திருத்துவார் என்று அடுத்த விதி. நூலின் இறுதியில் குடும்பத்தார் தங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளலாம். "அங்கீகரிக்கப்பட்ட" என்ற அடைமொழியை நாங்களே விட்டுவிட்டோம்.

கடிதங்களில் ஒன்றின் ஓரப் படத்தை அச்சிடவும் நால்வரும் சம்மதித்தார்கள். மூத்த மகன் அந்தப் படத்தை அதற்குமுன் பார்த்ததில்லை.

யார் எடுத்தது என்றே தெரியாத எழுபதுகளின் இறுதிக்கால ஒளிப்படங்கள் ஐந்து மிஞ்சின. உரிமையாளர் கிடைக்காத படைப்புகளுக்கு நடப்புச் சட்டத்தில் தனி வழி இல்லை. "உரிமையாளர் தெரிந்தால் தொடர்புகொள்ளவும்" என்ற அறிவிப்பு நல்லெண்ணத்தைக் காட்டும், வழக்கில் காப்பாற்றாது. மூன்றைக் கைவிட்டு, வேறு எங்கும் கிடைக்காத இரண்டை அறிவிப்போடு போட்டோம். அது தெரிந்தே எடுத்த ஆபத்து.

வெளியான பின்

நூல் 2023இல் வெளியானது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பிரதிகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர நூலகம் உள்ளிட்ட ஐந்து வைப்பு நூலகங்களுக்கும் போயின. அந்த இரண்டு ஒளிப்படங்களில் ஒன்றுக்கு உரிமை கோரி, எடுத்தவரின் மகன் எழுதினார். சிறு தொகையும் இரண்டு பிரதிகளும் கேட்டார். கொடுத்து, மறுபதிப்புக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கப்பட்டது.

மூத்த மகன் வெளியீட்டுக்கு வரவில்லை. குடும்பப் பக்கத்தை அரைப் பக்கமாக எழுதி அனுப்பியிருந்தார். அதில் ஃபீனிக்ஸ் பற்றி ஒரு சொல் இல்லை. அப்படியே அச்சிட்டோம். வணிகரின் குடும்பம், பாட்டியின் படம் நூலில் இருப்பதைக் காட்ட முப்பது பிரதிகள் வாங்கியது. எதிர்பார்த்த அழகில் நூல் இல்லை என்று சங்கத்துக்குள் குறை உண்டு. நாற்பது படங்களுக்கு வடிவமைத்த பக்கங்களைப் வணிகர் வீட்டு உருவப்படத்தையும் சேர்த்துப் பதினேழு ஓவிய, சிற்பப் படங்களுக்குச் சுருக்கினால் வெள்ளை இடம் தெரியத்தான் செய்யும்.

இனி மாற வேண்டியவை

சங்கம் அடுத்து எடுத்திருப்பது ஒரு நாதஸ்வரக் கலைஞரின் வரலாறு. அதற்கு ஏற்பாடுகள் மாறிவிட்டன. கலைஞர் காலமானவர் என்றால், எழுதத் தொடங்கும் முன்பே சொத்துக் கோப்பைப் பார்த்து வாரிசுகளின் பட்டியல் தயாராகிறது. வாய்மொழிச் சம்மதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. படங்களுக்கான ஒப்பந்தம் வரைவைக் காட்டுவதற்கு முன்பே கையெழுத்தாக வேண்டும் என்பது விதி. படத்துக்கான அனுமதித் தாளில் எழுத்தைப் பற்றி எதுவும் வராது; பிழை சுட்டும் தாள் தனி.

பேட்டி கொடுப்பவர்களிடம் பதிவைத் தொடங்கும் முன் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது: எதற்காகப் பதிவு, எங்கே வைக்கப்படும், பெயர் வரலாமா, எந்தப் பகுதியை நிறுத்திவைக்கலாம் என்று. பெரியவர்கள் சிலர் தாளைக் கண்டதும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் பதிவில்லாமல் தேநீரோடு பேசிவிட்டு, தாளை இரண்டாம் நாள் எடுத்துப்போகலாம் என்று இளைஞர்கள் யோசனை சொன்னார்கள். அப்படித்தான் இப்போது நடக்கிறது.

கலைஞர் உயிரோடு இருந்தால் வேலை இன்னும் எளிது. நாதஸ்வரக் கலைஞர் எண்பதைத் தாண்டியவர், தெளிவாக இருக்கிறார். தம் ஒலிப்பதிவுகள், கடிதங்கள், படங்களின் உரிமை யாருக்கு என்று உயிலில் தனி வரி எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் அழைத்துப் போனோம். பேத்திக்கு என்று எழுதினார். மகன்களிடம் அதை அவரே சொல்லிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் சொல்லவில்லை.